நாயகனுக்கு நற்பெயர், நாயகிக்குத் தேய்மானம்

2011 சட்டமன்றத் தேர்தலில் ரிஷிவந்தியம் தொகுதி மக்கள் ஒரு சினிமா நாயகனைத் தேர்ந்தெடுத்தார்கள். விஜயகாந்த். அப்போது அவருக்கு வயது 58. அர்த்தநாரீஸ்வரர் கோயிலை வைத்து மட்டுமே வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்த இந்த ஊர் (இன்றைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டம், அன்றைக்கு விழுப்புரம் மாவட்டம்) எதிர்க்கட்சித் தலைவரின் தொகுதியாக மாறியது. தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்னால், 2010 டிசம்பரில்தான், அவரே இயக்கி நாயகனாக நடித்த 'விருதகிரி' வெளியாகியிருந்தது. 58 வயதில் ஒருவர் திரையில் சண்டை போடுகிறார், வில்லனை விரட்டுகிறார், பிறகு ஓட்டும் கேட்கிறார். இதில் யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை.

இதே விஜயகாந்த் நடித்து 1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் வைதேகியாக நடித்தவர் ரேவதி. அப்போது அவருக்கு 18 வயது. 'விருதகிரி' வந்தபோது ரேவதிக்கு 44. நாயகனைவிட 14 வயது இளையவர். 'தேவர் மகன்' படத்துக்காகத் தேசிய விருது வாங்கியவர், 2002-ல் 'மித்ர் மை ஃப்ரெண்ட்' என்ற ஆங்கிலப் படத்தை இயக்கி அதற்கும் தேசிய விருது பெற்றவர். நடிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் 2010-ல் தமிழ் சினிமாவின் நாயகிகள் பட்டியலை எடுத்தால் அவர் பெயர் அதில் இல்லை.

ஏன் இப்படி என்று கேட்டால் எல்லோரிடமும் தயாராகப் பதில் இருக்கும். கல்யாணம் ஆகிவிட்டது, குழந்தை பிறந்துவிட்டது, உடம்பு போட்டுவிட்டது, ரசிகர்கள் புதுமுகம் கேட்கிறார்கள்... இந்தப் பதில்கள் எல்லாமே பழியை ஒன்று நடிகை மேல் போடுகின்றன, இல்லை ரசிகன் மேல் போடுகின்றன. பழைய படங்களின் வருடங்களையும் நடித்தவர்களின் வயதையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேறு கதை தெரிகிறது.

முதலில் ஒரு கணக்கு. ஸ்ரீவித்யா பிறந்தது 1953. ரஜினிகாந்த் 1950. கமல்ஹாசன் 1954. 1975-ல் கே. பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' வந்தபோது ஸ்ரீவித்யாவுக்கு 22 வயது. அந்த வயதிலேயே அவருக்குக் கிடைத்தது, வயது வந்த மகளுக்குத் தாயான பாடகி பைரவியின் வேடம். கமல் அவரைக் காதலிக்கும் இளைஞன். ரஜினி (அவருக்கு அதுதான் முதல் படம்) பைரவியைப் பிரிந்துபோன கணவன். 14 வருடம் கழித்து 1989-ல் 'அபூர்வ சகோதரர்கள்'. அதில் அப்பா கமலுக்கு மனைவியாகவும், பிள்ளைகளாக வரும் இரண்டு கமலுக்கும் அம்மாவாகவும் ஸ்ரீவித்யா. 1991-ல் 'தளபதி'. முதல் படத்தில் கணவனாக வந்த ரஜினிக்கு இதில் அம்மா. மகனுக்கு வயது 40, அம்மாவுக்கு 38!

ஸ்ரீவித்யா மட்டும் என்றால் தற்செயல் எனலாம். சுஜாதா 1977-ல் 'அவர்கள்' படத்தில் ரஜினிக்கு மனைவி, 2002-ல் 'பாபா'வில் அம்மா. அவர் ரஜினியைவிட இரண்டு வயது சிறியவர். லட்சுமியும் அப்படித்தான். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்துக்காகத் தேசிய விருது வாங்கியவர், 1981-ல் 'நெற்றிக்கண்' படத்தில் ரஜினியோடு நடித்தவர், 1999-ல் 'படையப்பா'வில் அவருக்கே அம்மா ஆனார். இவரும் ரஜினிக்கு இரண்டு வயது இளையவர்தான். வடிவுக்கரசி கதை இன்னும் மோசம். 1985-ல் 'முதல் மரியாதை'யில் 56 வயது சிவாஜி கணேசனுக்கு மனைவியாக நடித்தபோது அவருக்கு 30 கூட ஆகவில்லை. 1997-ல் 'அருணாசலம்' படத்தில் ரஜினிக்குப் பாட்டி. ஸ்ரீதேவியோ இந்த வேலையை 13 வயதிலேயே முடித்துவிட்டார். 1976-ல் வந்த 'மூன்று முடிச்சு' படத்தில் அவர் ரஜினிக்குச் சித்தி.

இது ரஜினி காலத்து வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 1952-ல் 'பராசக்தி'யில் சிவாஜிக்கு நாயகியாக நடித்த பண்டரிபாய், 1968-ல் 'குடியிருந்த கோயில்' படத்தில் எம்.ஜி.ஆருக்கு அம்மா. எம்.ஜி.ஆர். பிறந்தது 1917. அம்மா மகனைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர்.

சிரிப்பு வருகிறதுதான். ஆனால் ஸ்ரீவித்யா விஷயத்தில் சிரிக்க முடியாத ஒரு பகுதி இருக்கிறது. தமிழில் அம்மாவாகிக்கொண்டிருந்த அதே வருடங்களில் அவர் மலையாளத்திலும் நடித்துக்கொண்டிருந்தார். கேரள அரசின் சிறந்த நடிகை விருதை மூன்று முறை வாங்கினார். மூன்றாவது விருது 1992-ன் 'தெய்வத்தின்றெ விக்ருதிகள்' படத்துக்கு. எம். முகுந்தனின் நாவலை வைத்து லெனின் ராஜேந்திரன் எடுத்த படம். அதாவது 'தளபதி'க்கு மறு வருடம். அதே முகம், அதே வயது. வாளையாறைத் தாண்டினால் மாநிலத்தின் சிறந்த நடிகை, இந்தப் பக்கம் வந்தால் நாயகனின் அம்மா. வயதுதான் காரணம் என்றால் அந்த வயது எல்லைக்கு அந்தப் பக்கமும் அதேதானே? 2006-ல் புற்றுநோயால் அவர் இறந்தபோது வயது 53. தமிழ் சினிமா அவரை 22 வயதிலிருந்தே முதியவராக்கிப் பார்த்துப் பழகிவிட்டது.

சரி, வயது இல்லை என்றால் வேறு எது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1931-ல் முதல் தமிழ் பேசும்படம் 'காளிதாஸ்' வந்தது. அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். 1936-ல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தானே இயக்கினார். அந்தக் காலத்தில் நாயகி என்றால் தானே பாட வேண்டும், தானே பேச வேண்டும். குரல்தான் முதலீடு. குரலுக்கு எவ்வளவு விலை என்பதற்கு கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் சாட்சி. 1935-ல் 'நந்தனார்' படத்தில் நடிக்க அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அதுவும் ஆண் வேடத்தில்! இன்னும் முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்' வந்தபோது அவருக்கு 44 வயது. ஒரு கிழவியைப் பற்றிய படம், அதில் அந்தக் கிழவிதான் நாயகி, நாயகன் என்று ஒருவர் கிடையாது. படம் பெரிய வெற்றி. 'பூம்புகார்' (1964), 'திருவிளையாடல்' (1965) என்று அவர் திரும்பத் திரும்ப வந்தபோதெல்லாம் மக்கள் கூட்டமாகப் போனார்கள். வயதான பெண்ணைத் தமிழன் திரையில் பார்க்க மாட்டான் என்று சொல்பவர்கள் இந்தப் படங்களை மறந்துவிடுகிறார்கள்.

இடையில் ஒன்று நடந்தது. 1945-ல் ஏவி.எம். எடுத்த 'ஸ்ரீவள்ளி' படத்தின் நாயகி குமாரி ருக்மிணி. அவர் பாடிய பாடல்கள் திருப்தியாக இல்லை என்று, பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து அந்தக் குரலைப் படத்தில் சேர்த்தார்கள். பின்னணிக் குரல் அதற்கு முன்பே வந்திருந்தாலும், நாயகியின் குரலை எடுத்துவிட்டு இன்னொரு குரலை வைக்கலாம், ஜனங்களும் ஏற்றுக்கொள்வார்கள் என்பது இந்த வெற்றியில்தான் எல்லோருக்கும் தெரிந்தது. பாட்டு நன்றாக இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்றிலிருந்து பாட்டு நாயகியின் சொத்தாக இல்லை. (இந்தக் குமாரி ருக்மிணியின் மகள்தான் மேலே சொன்ன லட்சுமி. லட்சுமியின் மகள் ஐஸ்வர்யாவும் நாயகியாக வந்து, 2008-ல் 'அபியும் நானும்' படத்தில் த்ரிஷாவுக்கு அம்மா ஆனார். மூன்று தலைமுறை!)

பாட்டு போனாலும் 1950-களில் பேச்சு இருந்தது, நாட்டியம் இருந்தது. 1942-ல் 'கண்ணகி'யாக நடித்த பி. கண்ணாம்பா, 1954-ல் 'மனோகரா'வில் சிவாஜிக்குத் தாய். வயது வித்தியாசம் 17, அது நியாயமானதே. அந்தத் தாய் வேடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சங்கிலியில் கட்டுண்டு நிற்கும் மகனைக் கிளம்பச் சொல்லிக் கட்டளையிடுவது அந்தத் தாய்தான். படத்தின் உச்சமே அவர் வாயிலிருந்துதான் வருகிறது. ஆக அம்மா வேடம் என்பது இறக்கம் இல்லை. அதற்குப் பிறகு வந்த அம்மாக்களுக்கு வசனம் குறைந்துகொண்டே போனதுதான் இறக்கம். பூஜை அறை, தையல் மெஷின், இருமல், சுவரில் மாலை போட்ட படம் என்று அந்த வேடம் சுருங்கிவிட்டது.

பத்மினி 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நாயகியாக நடித்தபோது அவருக்கு 36 வயது, கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது. நாயகன் சிவாஜிக்கு 39. யாரும் முகம் சுளிக்கவில்லை. ஏனென்றால் அந்த நாட்டியத்தை வேறொருவரிடமிருந்து இரவல் வாங்கி ஒட்ட முடியாது. கல்யாணம்தான் நடிகைகளை ஒழிக்கிறது என்ற வாதத்துக்கு இந்த ஒரு படம் போதும். சௌகார் ஜானகி சினிமாவுக்கு வந்ததே கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகுதான்.

அடுத்தது பேச்சு. 1980-களில் இருந்து வடக்கிலிருந்து வந்த, தமிழ் தெரியாத நாயகிகள் அதிகமானார்கள். குஷ்பு, நக்மா, சிம்ரன் என்று வரிசையாகச் சொல்லலாம். இதில் அவர்கள் மேல் தப்பு ஒன்றும் இல்லை, பிழைக்க வந்தவர்கள், பலர் நன்றாகவே நடித்தார்கள். ஆனால் டப்பிங் குரல் இருக்கும்போது நாயகிக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே போய்விட்டது. தமிழ் தெரிந்த நாயகிகளுக்கே இரவல் குரல் வந்தது. 'முதல் மரியாதை'யில் ராதாவுக்குப் பேசியது ராதிகா. இதில் மிகப் பெரிய கொடுமை சரிதாவுக்கு நடந்தது. 'தண்ணீர் தண்ணீர்' (1981), 'அச்சமில்லை அச்சமில்லை' (1984) படங்களின் நாயகி. தமிழில் அவரைப்போல் கண்ணால் பேசியவர்கள் குறைவு. அவருடைய முகம் திரையிலிருந்து மறைந்த வருடங்களில் அவருடைய குரல் மட்டும் நக்மாவுக்கும் விஜயசாந்திக்கும் சௌந்தர்யாவுக்கும் பேசிக்கொண்டிருந்தது. அதாவது சரிதாவின் திறமைக்கு மார்க்கெட் இருந்தது. சரிதாவுக்குத்தான் இல்லை.

பாட்டு ஒருவரிடம், பேச்சு ஒருவரிடம், நடனம் சொல்லிக்கொடுக்க ஒருவர். இப்படி ஒவ்வொன்றாகக் கழற்றிய பிறகு நாயகியிடம் மிச்சம் இருப்பது முகம் ஒன்றுதான். முகம் மட்டுமே சரக்கு என்றால் அது பழசாகத்தானே செய்யும்?

கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இரண்டு வார்த்தைகள் தெரிந்திருக்கும். ஒன்று தேய்மானம். ஓர் இயந்திரம் வாங்கினால் வருடா வருடம் அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் குறைத்து எழுதுவார்கள். கடைசியில் ஒரு எஞ்சிய மதிப்பு நிற்கும், அந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புது இயந்திரம் வாங்க வேண்டியதுதான். இன்னொன்று நற்பெயர். அது கண்ணுக்குத் தெரியாத சொத்து. கடை பழசாக ஆக அதன் மதிப்பு ஏறும். தமிழ் சினிமா தன் நாயகனை நற்பெயர் கணக்கிலும் நாயகியைத் தேய்மானக் கணக்கிலும் எழுதிவைத்தது. அம்மா வேடம் என்பது அந்த எஞ்சிய மதிப்பு.

இப்படி எழுதியது யார்? இங்கேதான் வியாபாரம் வருகிறது. சினிமா வியாபாரிகளுக்குத் தமிழ்நாட்டின் வரைபடமே வேறு. சென்னை நகரம், என்.எஸ்.சி. என்கிற வடாற்காடு-தென்னாற்காடு-செங்கல்பட்டு, கோவை, சேலம், மதுரை-ராமநாதபுரம், திருச்சி-தஞ்சாவூர், நெல்லை-குமரி என்று ஏரியா ஏரியாவாகப் பிரித்து விற்பார்கள். தென்னாற்காடு மாவட்டம் 1993-லேயே பிரிந்துவிட்டது. கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது. ஆனாலும் சினிமா கணக்கில் ரிஷிவந்தியம் பக்கம் அந்தப் பழைய பெயர் தாங்கிய ஏரியாவில்தான் இருக்கிறது. தயாரிப்பாளர் கையில் முழுப் பணமும் வைத்துக்கொண்டு படம் எடுப்பது அபூர்வம். ஃபைனான்ஸ் வாங்கித்தான் எடுப்பார். படம் முடியும் முன்பே ஏரியாக்களை விற்று, மினிமம் கியாரண்டி என்று ஒரு தொகையை வாங்கி, வட்டியை அடைப்பார். ஏரியா வாங்குபவர் இன்னும் படத்தைப் பார்த்திருக்க மாட்டார். கதை தெரியாது. அவர் கேட்கும் முதல் கேள்வி 'ஹீரோ யாரு?'

அந்தக் கேள்விக்கு அர்த்தம் இருக்கிறது. நாயகனுக்கு ஊர் ஊராக ரசிகர் மன்றம் இருக்கிறது. மன்றம் என்பது முதல் நாள் கூட்டத்துக்கு உத்தரவாதம். மன்றத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், எல்லோருமே ஆண்கள் எனலாம். பெண்கள் தெருமுனையில் போர்டு வைத்து மன்றம் நடத்தும் பழக்கம் இல்லை. நாயகிக்கு மன்றம் என்றால் அது கேலிப் பொருள். (குஷ்புவுக்குத் திருச்சிப் பக்கம் கோயிலே கட்டினார்கள் என்று செய்தி வந்தது. அந்தக் கோயிலை நம்பி ஒரு ஏரியாவாவது அதிக விலைக்குப் போயிருக்குமா என்பது சந்தேகம்தான்!) ஆக நாயகன் மாறினால் ஏரியா விலை மாறும், நாயகி மாறினால் மாறாது. மாறாத விலைக்கு ஏன் பழைய, சம்பளம் ஏறிய நாயகி? புதுமுகம் போதுமே. அந்த மன்றங்கள்தான் பிறகு கட்சி ஆயின, 2005-ல் தே.மு.தி.க. பிறந்ததும் அப்படித்தான். ரிஷிவந்தியத்தில் விழுந்த ஓட்டிலும் அந்த நற்பெயருக்குப் பங்கு உண்டு.

எம்.ஜி.ஆர். படங்களில் இது பச்சையாகத் தெரியும். பானுமதி, சரோஜாதேவி, ஜெயலலிதா, லதா என்று நாயகிகள் மாறிக்கொண்டே வந்தார்கள். அவர் மட்டும் மாறவில்லை. 1969-ல் 'அடிமைப்பெண்' வந்தபோது அவருக்கு 52, ஜெயலலிதாவுக்கு 21. அந்த ஜெயலலிதாவின் நாயகி வாழ்க்கை 1980-ல் 'நதியைத் தேடி வந்த கடல்' படத்தோடு முடிந்துவிட்டது. அப்போது அவருக்கு 32 வயதுதான். இன்னும் 11 வருடத்தில் மாநிலத்தையே ஆளப்போகும் ஒருவர், 32 வயதில் நாயகியாக இருக்க முடியாதவராக ஆகிவிட்டார்.

இந்தக் கணக்கிலிருந்து தப்பித்த நடிகைகளும் உண்டு. அவர்களைப் பார்த்தால் ஒரு பொது அம்சம் தெரிகிறது. முகம் தவிர ஏதாவது ஒன்று அவர்கள் கையில் சொந்தமாக இருந்தது. 'ஹரிதாஸ்' (1944), 'சந்திரலேகா' (1948) நாயகி டி.ஆர். ராஜகுமாரி தன் தம்பி டி.ஆர். ராமண்ணாவோடு சேர்ந்து ஆர்.ஆர். பிக்சர்ஸ் நடத்தினார். 'குலேபகாவலி' (1955) அவர்கள் படம்தான். தியாகராய நகரில் தன் பெயரிலேயே தியேட்டர் வைத்திருந்தார். நாயகி வேடம் நின்ற பிறகும் அவர் யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. பானுமதிக்குக் கணவர் ராமகிருஷ்ணாவோடு பரணி ஸ்டூடியோ இருந்தது. 1953-ல் 'சண்டிராணி'யை மூன்று மொழிகளில் அவரே இயக்கினார். தானே பாடுவார், தானே எழுதுவார். எவ்வளவு பெரிய படமாக இருந்தாலும் பிடிக்காவிட்டால் வெளியே வந்துவிடுவார். 'மிஸ்ஸியம்மா' படத்திலிருந்து அவர் விலகியதால்தான் அந்த வேடம் சாவித்திரிக்குப் போனது.

அந்தச் சாவித்திரியிடம்தான் எல்லா விளக்கமும் முட்டி நிற்கிறது. 'பாசமலர்' (1961), 'கை கொடுத்த தெய்வம்' (1964), 'நவராத்திரி' (1964). கடைசிப் படத்தில் சிவாஜி ஒன்பது வேடம் போட்டு ஆடினார், எதிரே ஒரே வேடத்தில் நின்று ஈடுகொடுத்தார் சாவித்திரி. நடிகையர் திலகம் என்ற பட்டம் சும்மா வரவில்லை. அவரும் தயாரித்தார், அவரும் இயக்கினார். 1968-ல் தெலுங்கில் 'சின்னாரி பாப்பலு', அதன் தமிழ் வடிவம் 'குழந்தை உள்ளம்' 1969-ல், 1971-ல் சிவாஜியை வைத்து 'பிராப்தம்'. பிராப்தம் பெரிய நஷ்டம். அதோடு வருமான வரிப் பிரச்சனை. சொத்துக்கள் போயின. குடும்ப வாழ்க்கையும் உடைந்தது, குடியும் சேர்ந்தது. 19 மாதம் கோமாவில் கிடந்து 1981 டிசம்பர் 26 அன்று இறந்தார். 50 வயது ஆகவில்லை.

குடிதான் காரணம் என்று சாவித்திரி கதையை முடித்துவிடுவது சுலபம். ஆனால் அவருடைய முதலீட்டையும் ராஜகுமாரியின் முதலீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தியேட்டர் என்பது யார் நடித்த படம் ஓடினாலும் வாடகை தரும் சொத்து. ஸ்டூடியோவும் அப்படியே. சாவித்திரி போட்டது ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு படத்தின் மேல். அதில் ஒன்று கவிழ்ந்தால் எல்லாம் கவிழும். அவர் காலத்து வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1970-71-ல் உச்ச வருமான வரி விகிதம் 93.5 சதவீதம்! அதிகம் சம்பாதித்த வருடங்களில் கணக்கு வழக்கு சரியாக வைக்க ஆள் இல்லாத ஒருவருக்கு, சம்பாத்தியம் நின்ற வருடங்களில் நோட்டீஸ் வந்தால் என்ன ஆகும்? ஒரு நாயகனுக்கு இப்படி ஒரு சரிவு வந்தால் அடுத்த படத்தின் ஏரியா வியாபாரத்தில் சமாளித்துவிடலாம். நஷ்டப்பட்ட நாயகிக்கு அடுத்த படம் கிடையாது, அம்மா வேடம்தான் உண்டு.

ராதிகா இந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவர் போல நடந்துகொண்டார். 1978-ல் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் அறிமுகம். 1990-களில் நாயகி வாய்ப்பு குறைந்ததும் சின்னத்திரைக்குப் போய், நடிகையாக மட்டும் இல்லாமல் தயாரிப்பாளராக உட்கார்ந்தார். 1999 முதல் 2001 வரை சன் டிவியில் இரவு 9.30-க்கு ஓடிய 'சித்தி'யைத் தெரியாத வீடு தமிழ்நாட்டில் இருந்திருக்காது. அவருடைய ராடான் நிறுவனம் பங்குச் சந்தைக்கே போனது. 'காதல் கோட்டை' தேவயானி 2003-ல் 'கோலங்கள்' தொடருக்கு வந்து 1,500 பகுதிகளுக்கு மேல் நடித்தார். சினிமா வேண்டாம் என்று தள்ளிய நாயகிகளை வீட்டு வரவேற்பறையில் பெண்கள் தினமும் பார்த்தார்கள். ரசிகர்கள் விரும்பவில்லை என்ற வாதம் இங்கே முழுசாக உடைகிறது. விரும்பிய ரசிகைகள் தியேட்டருக்குப் போவதை நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் போனதும் தியேட்டரில் மிஞ்சியது இளைஞர் கூட்டம். நாயகியின் வயது இன்னும் இறங்கியது. எது முதலில் நடந்தது என்பது கோழியா முட்டையா கதை.

இது தமிழுக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. இரண்டு முறை ஆஸ்கர் வாங்கிய பெட்டி டேவிஸ் 1962-ல், 54 வயதில், ஹாலிவுட்டின் வியாபாரப் பத்திரிகையான 'வெரைட்டி'யில் வேலை வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார். பாதி கிண்டல்தான், ஆனாலும் மீதிப் பாதி கிண்டல் இல்லை.

சமீப காலத்தில் சில மாற்றங்கள் தெரிகின்றன. 15 வருட இடைவெளிக்குப் பிறகு ஸ்ரீதேவி 2012-ல் 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' படத்தில் திரும்பி வந்தார். 2014-ல் மலையாளத்தில் மஞ்சு வாரியர் 'ஹவ் ஓல்ட் ஆர் யூ' மூலம் திரும்பினார். அதைத் தமிழில் '36 வயதினிலே' என்று எடுத்து 2015-ல் ஜோதிகா திரும்பினார். தயாரித்தது அவர் கணவர் சூர்யாவின் நிறுவனம். இங்கேயும் நிறுவனம் குடும்பத்தின் கையில் இருந்ததைக் கவனிக்க வேண்டும். 2020-ல் அவருடைய 'பொன்மகள் வந்தாள்' தியேட்டருக்கே போகாமல் அமேசான் பிரைமில் வந்தது, தியேட்டர்காரர்கள் கடும் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருப்பது பழைய ஏரியா கணக்கு. படத்தை வாங்குபவர் என்.எஸ்.சி. விநியோகஸ்தராக இல்லாமல் ஓ.டி.டி. நிறுவனமாக இருக்கும்போது, முதல் நாள் மன்றக் கூட்டம் எவ்வளவு என்று அவர் கேட்பதில்லை. வீட்டில் யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறார்.

2023-ல் வந்த படங்களில் இரண்டு ஜோடிகள். 'ஜெயிலர்' படத்தில் 72 வயது ரஜினிக்கு மனைவி 52 வயது ரம்யா கிருஷ்ணன். 20 வயது வித்தியாசம் இருக்கிறது, ஆனாலும் அம்மா ஆக்கவில்லை. 'லியோ'வில் 49 வயது விஜய்க்கு மனைவி 40 வயது த்ரிஷா. 2004-ல் 'கில்லி'யில் ஜோடியாக இருந்தவர்கள் 19 வருடம் கழித்தும் ஜோடி. ஸ்ரீவித்யாவுக்கு 14 வருடமே கொடுத்தார்கள்.

அதே 2023-ல் 'மாவீரன்' படத்தில் சரிதா நடித்தார். சிவகார்த்திகேயனுக்கு அம்மா வேடம்தான். ஆனால் பேச வாய் இருந்த அம்மா. மகன் பயந்து ஒதுங்கும் இடத்தில் சண்டைக்கு நிற்கும் அம்மா. படம் பார்த்தவர்களில் இளவயதுக்காரர்கள் பலருக்கு அவர் புதுமுகம். குரலை மட்டும் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்திருக்கும்.